கழிவு எடை

1

வங்கியில் நகைக்கடன் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷங்களுக்கு மேலாகிறது. மதிப்பீட்டாளர் ஒரு நகையைக் கையில் வாங்கினால் முதலில் எடை போடுகிறார். மொத்த எடை ஒரு கட்டத்தில் எழுதப்படுகிறது. பிறகு நகையில் கோத்திருக்கும் பாசி, பதித்திருக்கும் கல், உள்ளே அடைத்திருக்கும் அரக்கு இவற்றின் எடையைக் கணித்துக் கழிக்கிறார். மிஞ்சுவது நிகர எடை. கடன் அதற்குத்தான். நகை கொண்டுவந்த பெண் ஒவ்வொரு முறையும் அந்தக் கழித்தலை ஒருவித அவமானத்துடன் பார்க்கிறாள். தன்னிடம் இருப்பதாக அவள் நினைத்திருந்ததில் ஒரு பகுதி இல்லாமல் போகிறது. ஆனால் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. பாசிக்கு மதிப்பில்லை என்பதை அவளும் ஒப்புக்கொண்டவள்தான்.

வெகுநாட்கள் இதை நான் ஒரு கணக்கு விஷயமாகவே பார்த்துவந்தேன். ரிஜிஸ்தரில் கழிவு எடைக்கு ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். நாஞ்சில் நாட்டுச் சமூக சரித்திரத்தைக் கொஞ்சம் முறையாகப் படிக்க ஆரம்பித்த பிறகு, நம் சரித்திராசிரியர்களும் இப்படியொரு கட்டம் வைத்திருக்கிறார்கள் என்று படுகிறது. யார் பொன் அணிந்தார்கள், யாருக்குப் பொன் மறுக்கப்பட்டது, எந்தக் கலகத்துக்குப் பிறகு கிடைத்தது என்பதையெல்லாம் எழுதுகிறார்கள். பொன் மறுக்கப்பட்டவர்கள் கழுத்தில் அதுவரை என்ன கிடந்தது, அதைக் கோத்தது யார், விற்றது யார், எந்தத் தெருவில் வைத்து விற்றார்கள் என்ற கேள்விகள் கழிவில் போய்விடுகின்றன.

இந்தக் கட்டுரை அந்தக் கழிவைப் பற்றியது. திருவிழாக் கடைகளிலும் இன்றைய கைவினைக் கண்காட்சிகளிலும் விற்கப்படும் பாசிமாலையைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்த மாவட்டத்தில் ஒரு பாசிமாலை ஒரு பெண்ணின் கழுத்துக்குப் போய்ச் சேர மூன்று விஷயங்கள் தீர்மானமாக வேண்டியிருந்தன. அவள் அந்தத் தெருவில் நடக்கலாமா, அந்த மாலையை அணிவதும் கழற்றுவதும் அவள் இஷ்டமா, அதைக் கோத்தவளுக்கு என்ன கிடைக்கும். முதல் இரண்டும் போராட்டங்களால் தீர்ந்தன. மூன்றாவது இன்னும் தீரவில்லை.

2

நாஞ்சில் நாட்டில் சந்தையும் திருவிழாவும் வேறு வேறு. வடசேரி கனகமூலம் சந்தைக்கும் கோட்டாற்றுக் கடைகளுக்கும் அவசியத்துக்குப் போவார்கள். அரிசி, தேங்காய், உப்பு, கருவாடு வாங்குவார்கள். அவசியமில்லாத பொருட்களுக்குத் திருவிழா வரவேண்டும். மார்கழியில் சுசீந்திரம் தேர், தை மாதம் நாகராஜா கோவில், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, தக்கலையில் பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா. வளையல், சாந்து, ரிப்பன், சீப்பு, ஊதல், பேரீச்சம்பழம் என்று வரிசையாகக் கடைகள். கடை வைக்க வசதியில்லாதவர்கள் தரையில் துணி விரித்திருப்பார்கள். பாசிமணி பெரும்பாலும் அந்தத் தரைத்துணியில்தான் கிடக்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சுசீந்திரத்தில் ருத்திராட்சம், கோட்டாற்றில் ஜெபமாலை, தக்கலையில் தஸ்பீஹ் மணி. மூன்றும் கோத்த மணிகள். மூன்றும் அடகுக்கு வந்தால் வங்கியில் ஒரு பைசா பெயராது. ஆனால் யாரும் அவற்றை மலிவு என்று சொல்வதில்லை. வடசேரிக் கைவினைஞர்கள் வெள்ளியில் சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டிச் செய்யும் கோவில் நகைகளும் அப்படியே. அவை இன்று நாகர்கோவில் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்று, பரதநாட்டிய மேடைகளுக்கெல்லாம் போகின்றன. கல்லாலானது, கண்ணாடியாலானது என்பதால் ஒரு பொருள் கழிவாகிவிடுவதில்லை. அதை யார் கழுத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம் என்பதுதான் விஷயம்.

தேர்த்திருவிழாக் கடைகள் பற்றி நம் எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அனேகமாக எல்லாமே பால்யகால ஏக்கம். பலூனும் பஞ்சுமிட்டாயும் ராட்டினமும் வந்துபோகும். அந்தக் கடைகள் இருந்த தெருவின் சரித்திரம் வருவதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. வைக்கம் போராட்டத்தின் தொடர்ச்சி அது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். 1930-இலும் அது திரும்ப எழுந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாளின் கோவில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வெளியானது. கோவிலுக்குள் போவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கோவிலுக்கு வெளியே, தேர் ஓடும் தெருவில், தரையில் விரித்த துணிக்கு முன்னால் குனிந்து ஒரு மாலையைக் கையிலெடுத்துப் பார்ப்பதும் அந்தப் போராட்டத்தில் அடங்கியிருந்தது. கடவுளை எட்ட நின்றாவது கும்பிடலாம். மாலையை எட்ட நின்று வாங்க முடியாது. வியாபாரத்தில் பொருளும் காசும் கைமாற வேண்டும். தீண்டாமை இருக்கும் ஊரில் திருவிழாக் கடை என்பது அரைகுறையான கடைதான்.

ஆகவே பாசிமாலை விற்கும் கடையின் சரித்திரம் விற்றவரிடமிருந்து தொடங்குவதில்லை. வாங்க வரமுடியாதவரிடமிருந்து தொடங்குகிறது.

3

தோள்சீலைக் கலகத்தின் வாய்மொழிக் கதைகள் புழங்கிய வீடு எங்களுடையது. பாட்டி நிறையச் சொல்வாள். சின்ன வயதில் என் தங்கை மண்டைக்காட்டுக் கொடையில் வாங்கிய சிவப்புப் பாசிமாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பாட்டி ஒன்றும் திட்டவில்லை. “பாசி கெட்டப்பிடாது பிள்ளே” என்று மட்டும் சொல்லிக் கழற்றி, அடுக்களை ஜன்னலில் மாட்டிவிட்டாள். அது அங்கேயே கிடந்து புகை ஏறியது. கஷ்டப்பட்டு ஒரு பொட்டுத் தங்கம் வாங்கும்வரை தங்கையின் கழுத்து வெறுமனே இருந்தது. பாட்டிக்குப் பாசி என்றால் வெறுங்கழுத்தைவிடக் கேவலம். ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. காரணம் மறந்துபோய் அருவருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

காரணம் அரசாணைகளிலும் மிஷனரி நூல்களிலும் இருக்கிறது. திருவிதாங்கூரில் பொன், வெள்ளி நகை அணிய அரசுக்குப் பணம் கட்டி அனுமதி பெறும் வழக்கம் இருந்தது. ராணி கௌரி பார்வதி பாய் 1818-இல் அதை நீக்கினார். நீக்கியதன் பலன் நாயர் போன்ற சாதியாருக்குக் கிடைத்தது, கீழே இறங்கவில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-இலும் 1883-இலும் வெளியிட்ட இரண்டு புத்தகங்களிலும் சாதி வாரியான தடைகளைப் பார்க்கலாம். அன்றைய ஆவணங்கள் சாணார் என்று குறிக்கும் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன் நகை போடக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. புலையர், பறையர் நிலை அதற்கும் கீழே. அவர்கள் பெண்களுக்குப் பித்தளையும் பாசிமணியும். நகையே கூடாது என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதைத்தான் அணியவேண்டும் என்று விதித்திருந்தார்கள். தூரத்தில் வரும்போதே யார் என்று தெரிந்துவிடும். அலங்காரத்தையே அடையாளச் சீட்டாக மாற்றிய ஏற்பாடு அது. தடையைவிட இது நுட்பமானது என்று எனக்குப் படுகிறது. தடையில் ஒருத்திக்கு ஏதோ இல்லை என்பது தெரியும். இதில் அவள் கழுத்து நிறைய இருக்கிறது.

தோள்சீலை பற்றிய சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். 1829 பிரகடனம் மதம் மாறிய பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையை மறுத்தது. 1858, 59-இல் கலவரங்கள் நடந்தன. 1859 ஜூலை 26-இல் வந்த பிரகடனம், எல்லா நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்றது. துணியைக் கொடுக்கும்போதும் கட்டும் விதத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூலிலிருந்து இன்றுவரை இதைப்பற்றி நிறைய எழுதியாயிற்று. துணிக்கு ஒரு சரித்திரம் கிடைத்துவிட்டது.

பாசிக்கு அது கிடைத்த இடம் கொல்லம். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடும் கொல்லமும் ஒரே அரசின் கீழ் இருந்தவை என்பதால் இதை அயலூர்க் கதையாக ஒதுக்க முடியாது. அங்கே புலையப் பெண்கள் மார்பில் அடுக்கடுக்காக அணிந்திருந்த கல்லுமாலை அவர்கள் சாதியின் அடையாளம். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி அதைக் கழற்றி எறியச் சொன்னார். 1915-இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் கழற்றியவர்கள் தாக்கப்பட்டார்கள். குடிசைகள் எரிந்தன. அவர்களும் திருப்பித் தாக்கினார்கள். அதே வருஷக் கடைசியில் கொல்லத்தில் ஒரு கூட்டம். இடம் ஒரு சர்க்கஸ் கூடாரம். சங்ஙனாசேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை வகித்தார். அய்யன்காளி கேட்டுக்கொண்டபடி பெண்கள் மேடைக்கு முன்னால் வந்து மாலைகளை அறுத்துப் போட்டார்கள். அரிவாளால் அறுத்தார்கள் என்றும் மாலைகள் குன்றாகக் குவிந்தன என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் இதைக் கல்லுமாலை சமரம் என்கிறார்கள்.

தோள்சீலைக்காரர்கள் ஒன்றை அணியப் போராடினார்கள். கல்லுமாலைக்காரர்கள் ஒன்றைக் கழற்றப் போராடினார்கள். நம் விமர்சகர்களில் சிலர் இரண்டையும் சேர்த்து ‘மேல்நிலையாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மேலே இருப்பவர்களைப் பார்த்துச் செய்வதுதான் மேல்நிலையாக்கம். சர்க்கஸ் கூடாரத்தில் அந்தப் பெண்கள் யாரைப் பார்த்துச் செய்தார்கள்? மாலையை அறுத்த கையில் பொன்மாலை காத்திருக்கவில்லை. வெறுங்கழுத்தோடு வீட்டுக்குப் போனார்கள். வெறுங்கழுத்தே அவர்கள் வாங்கிய நகை. என் பாட்டி அடுக்களை ஜன்னலில் மாட்டியதும் அந்த மாலையைத்தான் என்று இப்போது புரிகிறது. அவள் புலையப் பெண் அல்ல, 1915-இல் கொல்லத்தில் இருந்தவளும் அல்ல. ஆனால் எந்தப் பொருள் யாரை எங்கே நிறுத்தும் என்பது அந்த அரசில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாசிமணியை அற்பம் என்று நினைப்பதற்கு உலக சரித்திரத்திலும் ஒரு பெரிய உதாரணம் காட்டுவார்கள். டச்சுக்காரர்கள் மன்ஹாட்டன் தீவை 1626-இல் செவ்விந்தியர்களிடமிருந்து இருபத்துநான்கு டாலர் பாசிமணிக்கு வாங்கினார்கள் என்பது. பி.ஏ. வகுப்பில் எங்களுக்கும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த வருஷத்து டச்சுக் கடிதம் அறுபது கில்டர் மதிப்பைத்தான் சொல்கிறது. பாசிமணி என்ற பேச்சே அதில் இல்லை. மணிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவர்கள் சேர்த்தார்கள் என்பதை பீட்டர் பிரான்சிஸ் 1986-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். ஏமாந்தவன் கையில் எதைக் கொடுக்கலாம் என்று யோசித்த சரித்திராசிரியருக்குப் பாசிமணி தோன்றியிருக்கிறது. பாசியைப் பற்றிய ஏளனம், அதை வாங்கியவர்களாக நாம் கற்பனை செய்பவர்களைப் பற்றிய ஏளனம்தான்.

4

இந்த பீட்டர் பிரான்சிஸ் நமக்கு அன்னியர் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டு மணிகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். கண்ணாடியை உருக்கி நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கிச் செய்யும் ஒற்றை நிறச் சிறு மணிகளுக்கு இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவரும் அவரே. அரிக்கமேட்டில் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட இந்த வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைக்கின்றன. ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தத் தொழில்நுட்பம் நம் காலம்வரை பிழைத்திருந்தது. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகளைத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளே வெளிப்பட்டன. பழந்தமிழ் வணிகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையெல்லாம் பெருமையோடு சொல்வார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தால் மணி நாகரிகத்தின் சான்று. தரைத்துணியில் கிடந்தால் குறத்தியின் பாசி.

இன்று நம் திருவிழாக்களில் விற்கும் கண்ணாடி மணிகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வருபவை. வாரணாசியும் புர்தில்நகரும் உத்தரப் பிரதேசத்தில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன இடங்கள். பிளாஸ்டிக் மணிகள் எங்கிருந்தோ வருகின்றன. கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பியும் சோழியும் சேர்த்துக் கோத்தவை விற்கும். மணி எங்கே செய்யப்பட்டாலும் கோப்பது கையால்தான். ஒரு குறடு, கம்பிச் சுருள், நரம்பு, ஊசி. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு திருவிழாவிலிருந்து திருவிழாவுக்கு நடப்பவர்கள் நரிக்குறவர்கள்.

நம் இலக்கியத்தில் அவர்கள் நிலைமை விசித்திரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் குற்றாலக் குறவஞ்சிக் குறத்தியையும் இவர்களையும் ஒருவராக்கிவிட்டோம். அவள் மலைக்குறத்தி, குறி சொல்பவள், தமிழ் பேசுபவள். இவர்கள் தங்களுக்குள் பேசும் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருங்கிய இந்தோ ஆரிய மொழி. எங்கிருந்தோ பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்தவர்கள். 1968-இல் வந்த ஒளிவிளக்கு படத்தில் நாயகனும் நாயகியும் இவர்கள் வேஷத்தில் ஆடிப்பாடிய பிறகு அந்த உருவம் ஸ்திரப்பட்டுவிட்டது. நம் புதுக்கவிதையிலும் பாசிமணி விற்பவள் ஒரு படிமமாக அடிக்கடி வருகிறாள். சுதந்திரத்துக்கு, நாடோடித்தனத்துக்கு, சில சமயம் காமத்துக்குக் கூட. அவள் வியாபாரி என்பது மட்டும் எந்தக் கவிதையிலும் வருவதில்லை. நானும் அப்படி ஒரு கவிதை எழுதி அச்சில் பார்த்திருக்கிறேன். ஆகவே இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

வேட்டை அவர்கள் முதல் தொழில். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதைச் சட்டப்படி செய்வதற்கான வழிகள் அடைந்துவிட்டன. பக்கத்தொழிலாக இருந்த பாசி முழுத்தொழிலானது. தமிழ்நாட்டில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கான கோரிக்கை பல பத்தாண்டுப் பழசு.

இதோடு நாகர்கோவிலின் வேறொரு கைத்தொழிலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1819 கடைசியில் இங்கே வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதோடு, தலையணையில் ஊசிகள் குத்தி நூல் பின்னும் லேஸ் வேலையையும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் ஐரோப்பியப் பெண்களிடம் விலைபோனது. அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் சரித்திரங்கள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிந்தது. கையால் செய்த அலங்காரப் பொருளை விற்றுப் பெண் தன்னைத் தானே மீட்டுக்கொண்டதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிடத் துலக்கமான சான்று இல்லை. எப்படி முடிந்தது? நூல் பொன்னைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. அந்த நூலுக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருந்தது. கணக்கு எழுதியது, கப்பலில் அனுப்பியது, பின்னிய கைக்குக் கூலி தந்தது. பாசி கோத்தவளுக்குப் பின்னால் எந்த ஸ்தாபனமும் இருந்ததில்லை.

5

இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. 1973-இல் அரசு தொடங்கிய கைவினைப் பொருள் வளர்ச்சிக் கழகம் பூம்புகார் என்ற பெயரில் கன்னியாகுமரியிலும் கடை வைத்திருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கும் ஊருக்கு ஊர் பரவின. 1992-இல் நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைத்தது. அதனால் என் மேஜைக்கும் அவை வந்தன. குழுப் பெண்கள் ஒரு வாரப் பயிற்சியில் மணி கோக்கக் கற்கிறார்கள். கண்காட்சிகளில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விலைச்சீட்டு கட்டி விற்கிறார்கள். கையால் செய்தது என்று எழுதிய அட்டை ஒவ்வொரு மாலையிலும் தொங்குகிறது. வாங்க வருபவர்கள் கல்லூரிப் பெண்கள், ஆசிரியைகள், வங்கிக்காரர்கள் வீட்டுப் பெண்கள். பாட்டிகள் கழற்றி மாட்டியதைப் பேத்திகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டு சிலர் வருத்தப்படுகிறார்கள். சரித்திரம் மறந்துபோயிற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் கழற்றி மேஜை டிராயரில் எறியலாம் என்றாகும்போதுதான் ஒரு நகை நகையாகிறது. அந்த அற்ப சுதந்திரத்துக்காகத்தான் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் மாலைகள் அறுந்தன. தன் பேத்தி பாசி போட்டுக்கொள்வதும் அந்தப் பெண்கள் வென்றதில் சேர்ந்ததே. அடையாளம் அலங்காரமாகத் திரும்பியிருக்கிறது. இதில் நஷ்டப்பட ஒன்றுமில்லை.

என் வருத்தம் வேறு. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கண்காட்சியில் வங்கியின் சார்பில் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்குள்ளே குழுப் பெண்களின் மாலைகள். வெளியே வாசலுக்கு எதிரில் நடைபாதையில் துணி விரித்து ஒரு நரிக்குறவப் பெண். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மணிகள், ஒரே நரம்பு. வெளியே இருந்தவளின் முடிச்சு உள்ளே இருந்தவற்றைவிடச் சுத்தமாக இருந்தது. உள்ளே யாரும் பேரம் பேசவில்லை. அட்டையில் இருந்த விலையைக் கொடுத்தார்கள். அதே பெண்கள் வெளியே வந்து அவளிடம் பாதிக்குக் கேட்டார்கள். அவள் காலில் கிடந்த குழந்தையை ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் குறடு பிடித்துக் கோத்துக்கொண்டிருந்தாள். கையால் செய்தது என்பதற்கு அட்டை தேவைப்படாமல் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. பார்த்தவர்களுக்குத்தான் அது கைவினையாகத் தெரியவில்லை.

மத்தியானம் நான் போய் ஒரு மாலையை எடுத்துப் பார்த்தேன். “இதைக் கோக்க எத்தனை மணி நேரம் ஆகும்மா?”

“மணி என்ன சாமி மணி, வெளக்கு அணையிற வரைக்கும் கோக்கிறதுதான்” என்றாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய வங்கி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “லோனு குடுப்பீங்களா சாமி?” என்று கேட்டாள்.

கொடுக்க வழி இருந்தது. தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கியபோது முதல் கடன் பத்தாயிரம் ரூபாய், பிணை வேண்டாம். ஆனால் இன்ன ஊர்த் தெருவில் வியாபாரம் செய்கிறவர் என்று நகராட்சியோ மாநகராட்சியோ சான்று தரவேண்டும், அல்லது பரிந்துரைக் கடிதம். எந்த ஊர் என்று கேட்டேன். “இப்ப இங்க. அப்புறம் சுசீந்திரம். அப்புறம் திருச்செந்தூரு” என்றாள். பாரத்தில் ஒரு ஊருக்குத்தான் இடம் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் அன்று கண்காட்சியில் வந்த குழுப் பெண்களுக்கெல்லாம் ‘கைவினைஞர்’ என்று எழுதியிருந்தேன். அவளுக்கு வைத்திருந்த பாரத்தில் பழக்க தோஷத்தால் ‘இதர’ என்று எழுதிவிட்டதைச் சாயங்காலம் கட்டும்போதுதான் கவனித்தேன். சான்று வராததால் அந்தப் பாரம் மேலே போகவே இல்லை. திருத்தி எழுதியிருந்தாலும் போயிருக்காது. ஆனாலும் அந்தச் சொல்லை எழுதியது சட்டம் அல்ல, நான்.

கழிவு எடை என்பது தராசில் தானாக விழுவதில்லை. ஒருவர் கண்ணால் கணித்துக் கையால் எழுதுகிறார். திருவிதாங்கூரில் அரசாணை எழுதியவர்களும், மன்ஹாட்டன் கதையில் மணியைச் செருகியவர்களும், அவளைக் கவிதையில் படிமமாக்கிய நாமும், பாரத்தில் ‘இதர’ என்று எழுதிய நானும் செய்தது ஒரே வேலை. இதைத் திருத்த பெரிய தத்துவம் வேண்டியதில்லை. கண்காட்சி மண்டபத்துக்குள் அவளுக்கும் ஒரு மேஜை போடலாம். திருவிழாவுக்குத் திருவிழா போகிறவருக்கு மாவட்டம் முழுவதற்கும், மாவட்டம் தாண்டியும் செல்லும் சான்று கொடுக்கலாம். பயிற்சி வகுப்பில் மணி கோக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாக அவளையே கூப்பிடலாம். நமக்குத் தெரிந்தவர்களில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவள் அவள்தான். எழுதுகிறவர்களாகிய நாம் செய்யக்கூடியது இன்னும் சிறியது. அவளை வியாபாரி என்று எழுதலாம்.

அன்று அவளிடம் நான் ஒரு சிவப்பு மாலை வாங்கினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உள்ளே எல்லோரும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். போட்டுக்கொள்ளவில்லை. அடுக்களை ஜன்னலிலும் மாட்டவில்லை. கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, “நல்ல கனம்” என்றாள்.